விண்டோஸுடன் வரும் விளையாட்டுகளை முழுமையாக நீக்குவது எப்படி?

ஒரு பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்த காலத்தில், புதிதாக வந்த 12 கணினிகளிலும் சொலிட்டேர் விளையாட்டை எடுத்துவிடும்படி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாலைப் பொழுது முழுவதும் அமர்ந்து, ஒவ்வொரு கணினியிலும் என்னுடைய அட்மின் கணக்கில் நுழைந்து, ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்து நீக்கினேன். மறுநாள் காலை மாணவர்கள் அவரவர் கணக்கில் நுழைந்தபோது, 12 திரைகளிலும் அந்த விளையாட்டு நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. நான் நீக்கியது என் கணக்கில் இருந்ததை மட்டுமே என்பதும், கணினியில் இருந்த மூலப்பிரதியை நான் தொடவே இல்லை என்பதும் அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் விளையாட்டுகளை நீக்க முயல்பவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அன்இன்ஸ்டால் பொத்தானை எல்லோராலும் கண்டுபிடித்துவிட முடிகிறது. ஆனால், நீக்கிய பிறகும் அது ஏன் திரும்பி வருகிறது என்பது தெரியாமல் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆகவே வழிமுறைக்குள் போகும் முன், ஒரு விளையாட்டு உங்கள் கணினியில் எங்கெல்லாம் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

விளையாட்டு எங்கே இருக்கிறது?

பழைய விண்டோஸ்களில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் சொலிட்டேரும், 1992-இல் வந்த 3.1-இல் மைன்ஸ்வீப்பரும் இடம்பெற்றன. அதிலிருந்து விண்டோஸ் 7 வரைக்கும் விளையாட்டுகள் இயங்குதளத்தின் ஓர் உறுப்பாகவே வந்தன. விண்டோஸ் 7-இல் கன்ட்ரோல் பேனலுக்குள் போய், ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதைத் திறந்து, ‘கேம்ஸ்’ என்ற கட்டத்தில் இருக்கும் டிக் குறியை எடுத்துவிட்டால், அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் எல்லா விளையாட்டுகளும் ஒரேயடியாக மறைந்துவிடும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் விளையாட்டுகள் அறவே இல்லை. வேண்டுமென்பவர்கள் மைக்ரோசாஃப்டின் செயலிக் கடையான ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் சொலிட்டேர் மறுபடியும் கூடவே வந்தது. ஆனால் இம்முறை அது இயங்குதளத்தின் உறுப்பாக இல்லாமல், ஆட்டங்களுக்கு இடையே விளம்பரம் காட்டுகிற, விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா கேட்கிற ஒரு ஸ்டோர் செயலியாக வந்தது. அதே ஆண்டில் கேண்டி க்ரஷ் சாகாவும் விண்டோஸ் 10-உடன் சேர்ந்து வரும் என்று அறிவிக்கப்பட்டது.

ஸ்டோர் செயலியாக மாறியதன் விளைவாக, ஒரே விளையாட்டு மூன்று வகையில் உங்களிடம் வந்து சேர முடியும். முதலாவது, நீங்கள் நுழைந்திருக்கும் பயனர் கணக்கில் நிறுவப்பட்ட பிரதி. இரண்டாவது, இனி உருவாகப்போகும் ஒவ்வொரு புதிய கணக்குக்கும் தானாக நிறுவுவதற்கென்று விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் மூலப்பிரதி. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் கருவியான பவர்ஷெல்லின் மொழியில் இதை ‘ப்ரொவிஷன்ட் பேக்கேஜ்’ என்கிறார்கள். மூன்றாவது, கணினியில் கோப்பாக இல்லாமலேயே இணையத்தின் வழியே பரிந்துரையாக வந்து ஸ்டார்ட் மெனுவில் அமர்ந்துகொள்ளும் படம். விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனு முகப்பில் ‘பின்’ செய்யப்பட்டு, அதாவது பொருத்தி வைக்கப்பட்டுக் காணப்படும் விளம்பரச் செயலிகள் பலவும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றை நீங்கள் தொட்ட பிறகுதான் உண்மையான செயலி இறங்கத் தொடங்கும். அதனால், என்னவென்று பார்க்கலாம் என்று அந்தப் படத்தைச் சொடுக்கிவிடாதீர்கள்.

வீட்டில் ஒரே ஒருவர் பயன்படுத்தும் கணினி என்றால் முதல் பிரதியை நீக்கினாலே பெரும்பாலும் போதும். பலர் புழங்கும் கணினி என்றால் மூன்றையும் கவனித்தாக வேண்டும்.

தொடங்கும் முன்

கணினியில் வேறு யாருக்காவது அந்த விளையாட்டு தேவைப்படுகிறதா என்று கேட்டுவிடுங்கள். இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகு நாள்தோறும் காலையில் காபியோடு இரண்டு ஆட்டம் சொலிட்டேர் ஆடும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்காமல் ஆடிவந்தவர்களின் மதிப்பெண்களும் பதிவுகளும் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும்; செயலியை நீக்கியதும் அவையும் சேர்ந்து போய்விடும், மறுபடி நிறுவினாலும் திரும்பி வராது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் கணக்கை விட்டுவிட்டு மற்றவர்களின் கணக்கில் மட்டும் நீக்கிக்கொள்ளலாம். விளையாட்டுகள் கணக்குவாரியாக நிறுவப்படுவதில் இருக்கும் நன்மை அது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டை நீக்கினால் கணினி வேகமாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திறக்கப்படாத சொலிட்டேர் உங்கள் நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருப்பதில்லை. கவனச்சிதறலைக் குறைப்பதற்கும், பிள்ளைகளின் கண்ணில் விளம்பரம் படாமல் இருப்பதற்கும், ஸ்டார்ட் மெனுவைத் துப்புரவாக வைத்துக்கொள்வதற்கும் நீக்கலாம். வேகத்துக்காக என்றால் இந்த வேலை பயன் தராது.

உங்கள் கணக்கில் மட்டும் நீக்குவது

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, செயலிகளின் முழுப் பட்டியலில் ‘சொலிட்டேர் & கேஷுவல் கேம்ஸ்’ அல்லது ‘மைக்ரோசாஃப்ட் சொலிட்டேர் கலெக்‌ஷன்’ என்ற பெயரைத் தேடுங்கள்; பதிப்பைப் பொறுத்து பெயர் மாறும். அதன் மீது ரைட் கிளிக் செய்தால் ‘அன்இன்ஸ்டால்’ வரும். அதை அழுத்தி, மறுபடி கேட்கும்போது உறுதி செய்தால் சில நொடிகளில் போய்விடும். அந்த மெனுவில் ‘அன்பின்’ என்ற சொல்லும் இருக்கும். அது படத்தை ஸ்டார்ட் மெனுவின் முகப்பிலிருந்து எடுக்குமே தவிர, செயலியை நீக்காது. அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றி அழுத்திவிட்டு, நீக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

செட்டிங்ஸ் வழியாகவும் இதைச் செய்யலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்று போய், பெயருக்கு நேரே இருக்கும் மூன்று புள்ளிகளைச் சொடுக்கினால் அன்இன்ஸ்டால் தெரியும். விண்டோஸ் 10-இல் அந்தப் பக்கத்தின் பெயர் ‘ஆப்ஸ் & ஃபீச்சர்ஸ்’; அங்கே பெயரைச் சொடுக்கினாலே பொத்தான் வந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்றாலும், அதில் ஓடும் கணினிகள் இன்னும் ஏராளம் என்பதால் இரண்டையும் குறிப்பிடுகிறேன்.

மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு வைத்து அனுப்பும் விளையாட்டுகள் சில, ஸ்டோர் செயலிகளாக இல்லாமல் பழைய பாணி மென்பொருள்களாக இருக்கும். அவற்றைக் கன்ட்ரோல் பேனலின் ‘ப்ரோகிராம்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ்’ பகுதியில் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பெயரில் விளையாட்டுகள் வரிசையாகவும், அவற்றையெல்லாம் நிர்வகிக்கும் ஒரு தனிச் செயலியும் இருந்தால், முதலில் விளையாட்டுகளையும் கடைசியில் அந்த நிர்வாகச் செயலியையும் நீக்குவது நல்லது. நிர்வாகச் செயலியை முதலில் எடுத்துவிட்டால் சில விளையாட்டுகளின் நீக்கும் நிரல் வேலை செய்யாமல் போகலாம்.

மூலப்பிரதியையும் நீக்குவது

அந்த 12 கணினிகளிலும் நான் செய்யாமல் விட்டது இந்த வேலையைத்தான். இதற்கு அட்மின் உரிமையும் பவர்ஷெல்லும் தேவை. ஸ்டார்ட் பொத்தானின் மீது ரைட் கிளிக் செய்து, ‘டெர்மினல் (அட்மின்)’ அல்லது ‘பவர்ஷெல் (அட்மின்)’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்மின் என்ற அடைப்புக்குறி இல்லாத வரியைத் தேர்ந்தெடுத்தால், பாதி வழியில் உரிமை போதவில்லை என்று சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வரும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தருகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் குறித்து அஞ்ச வேண்டாம். பவர்ஷெல்லில் கட்டளையின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால், மீதியை அதுவே நிரப்பும். வேறு கட்டளை வந்தால், வேண்டியது வரும் வரை டேப் விசையை மறுபடி மறுபடி அழுத்தலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அதற்குக் கிடையாது.

முதலில், ‘கெட்-ஆப்எக்ஸ்ப்ரொவிஷன்ட்பேக்கேஜ்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ‘-ஆன்லைன்’ என்று சேர்த்து என்டர் கொடுங்கள். இங்கே ஆன்லைன் என்பது இணையத்தைக் குறிக்காது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்த விண்டோஸில் பார் என்பதுதான் அதற்குப் பொருள். கணினியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் செயலிகள் அனைத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் ‘டிஸ்ப்ளே நேம்’ என்ற குறும்பெயரும், ‘பேக்கேஜ் நேம்’ என்ற, பதிப்பு எண்ணோடு கூடிய நெடும்பெயரும் இருக்கும். சொலிட்டேர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் நெடும்பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தி நகலெடுங்கள். அந்தப் பெயர் நீளமாக, எண்களும் எழுத்துகளும் கலந்து இருக்கும். கையால் தட்டினால் ஓர் எழுத்தாவது தவறும்.

அடுத்து, ‘ரிமூவ்-ஆப்எக்ஸ்ப்ரொவிஷன்ட்பேக்கேஜ் -ஆன்லைன் -பேக்கேஜ்நேம்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, நகலெடுத்த பெயரை ரைட் கிளிக் செய்து ஒட்டி, என்டர் கொடுங்கள். இனி உருவாகும் எந்தப் புதிய கணக்குக்கும் அந்த விளையாட்டு போகாது.

ஆனால் ஏற்கெனவே இருக்கும் கணக்குகளில் அது இன்னும் இருக்கும். அதற்கு, ‘கெட்-ஆப்எக்ஸ்பேக்கேஜ் -ஆல்யூசர்ஸ்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, இரு பக்கமும் நட்சத்திரக் குறியிட்டு நடுவில் சொலிட்டேர் என்று எழுதி, முதலில் என்டர் கொடுத்துப் பாருங்கள். திரையில் வருவது நீங்கள் நினைத்த செயலிதானா என்று நிதானமாகப் படித்து உறுதி செய்த பிறகு, மேல் அம்புக்குறி விசையால் அதே கட்டளையைத் திரும்ப வரவழைத்து, அதன் இறுதியில் ஒரு செங்குத்துக் கோடும், ‘ரிமூவ்-ஆப்எக்ஸ்பேக்கேஜ் -ஆல்யூசர்ஸ்’ என்பதும் சேர்த்து என்டர் கொடுங்கள். முன்னதன் விடையைப் பின்னதற்குக் கையளிப்பது அந்தச் செங்குத்துக் கோட்டின் வேலை. எனவே முன்பாதியில் பிழையிருந்தால், பின்பாதி அந்தப் பிழையான பட்டியலை அப்படியே நீக்கிவிடும். நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒன்றுமே எழுதாமல் விட்டால் எல்லாச் செயலிகளும் பட்டியலில் வந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் பார்த்துவிட்டு நீக்கச் சொல்வது அதனால்தான்.

ஒரு கணினியைத் தயார் செய்து, நகலெடுக்க ஏற்றதாக அதைப் பொதுவாக்கும் சிஸ்ப்ரெப் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டி, அதன் படிமத்தை (முழு நகலை) மற்றக் கணினிகளில் ஏற்றும் வழக்கமுள்ளவர்கள் இந்த இரண்டு நீக்கங்களையும் சேர்த்தே செய்ய வேண்டும். மூலப்பிரதியை மட்டும் எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பயனரின் கணக்கில் அந்தச் செயலியை விட்டுவைத்தால், ஒரு பயனருக்கு நிறுவப்பட்டிருக்கிறது, எல்லாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்ற பிழையோடு சிஸ்ப்ரெப் நின்றுவிடும். இந்தப் பிழை பலரின் அரை நாளை விழுங்கியிருக்கிறது.

விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றங்களின்போது எல்லாம் திரும்பி வந்துவிடுமோ என்ற கவலை நியாயமானது. முன்பு அப்படித்தான் நடந்தது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, மூலப்பிரதியோடு நீக்கப்பட்ட செயலிகளை விண்டோஸ் குறித்து வைத்துக்கொண்டு, பதிப்பு மாறும்போது அவற்றைத் திரும்ப நிறுவாமல் விடுகிறது. பயனர் கணக்கில் மட்டும் நீக்கியிருந்தால், புதிய கணக்கு உருவாகும்போது மூலப்பிரதியிலிருந்து அந்த விளையாட்டு அங்கே மறுபடி வந்துவிடும். வீட்டுக் கணினியிலும் மூலப்பிரதியை நீக்கிவிடுவதே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பரிந்துரையாக வருபவற்றை நிறுத்துவது

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், ‘பெர்சனலைசேஷன்’, ‘ஸ்டார்ட்’ என்று போனால், ஸ்டார்ட் மெனுவில் அவ்வப்போது பரிந்துரைகளைக் காட்டலாமா என்று கேட்கும் ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் அதே இடத்தில் குறிப்புகள், குறுக்குவழிகள், புதிய செயலிகள் ஆகியவற்றுக்கான பரிந்துரைகளைக் காட்டும் பொத்தான் இருக்கிறது, அதையும் அணையுங்கள்.

கேட்காமலேயே செயலிகள் இறங்குவதைத் தடுக்க, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ‘ஹெச்கீ கரண்ட் யூசர்’ என்பதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன் என்று வரிசையாக இறங்கி, ‘கன்டென்ட்டெலிவரிமேனேஜர்’ என்ற கோப்புறையைச் சேருங்கள். வலப்பக்கத்தில் ‘சைலன்ட்இன்ஸ்டால்டுஆப்ஸ்எனேபிள்டு’ என்ற பெயர் இருக்கும். அதன் மதிப்பு 1 என்றிருந்தால் 0 ஆக்குங்கள். கைவைக்கும் முன் அந்தக் கோப்புறையின் மீது ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றமும் அந்த ஒரு கணக்குக்கு மட்டுமே பொருந்தும்.

நிர்வாகிகள் கணினிகளுக்கு விதிகளை வகுக்கும் வசதியான குரூப் பாலிசியில் ‘டர்ன் ஆஃப் மைக்ரோசாஃப்ட் கன்ஸ்யூமர் எக்ஸ்பீரியன்ஸஸ்’ என்று ஒன்று இருப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் அது என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டுமே செயல்படுகிறது. ப்ரோ பதிப்பில் அந்த வரி கண்ணுக்குத் தெரியும், மாற்றவும் முடியும், ஆனால் பயன் இருக்காது. ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது. பள்ளிகள், கல்லூரிகளில் எஜுகேஷன் பதிப்பு இருந்தால் இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். 2025-இல் வந்த விண்டோஸ் 11-இன் 25ஹெச்2 பதிப்பில், கூடவே வரும் ஸ்டோர் செயலிகளைப் பட்டியலிட்டு நீக்கும் ஒரு பாலிசியும் அதே இரண்டு பதிப்புகளுக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் சொலிட்டேருக்கும் இடமுண்டு.

எவற்றைத் தொடக் கூடாது?

விளையாட்டுகளைத் தேடிப் போகும்போது எக்ஸ்பாக்ஸ் என்று தொடங்கும் பெயர்கள் பல கண்ணில் படும். எக்ஸ்பாக்ஸ் செயலி வேண்டாமென்றால் நீக்கலாம். விளையாட்டின் மீது திறக்கும் கருவிப்பட்டையான கேம் பாரைப் பவர்ஷெல்லில் வலிந்து நீக்கினாலோ, விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போது, ‘எம்எஸ்-கேமிங்ஓவர்லே’ என்ற இணைப்பைத் திறக்க ஒரு செயலி வேண்டும் என்று ஒரு பெட்டி முளைத்துத் தொல்லை தரும். ‘எக்ஸ்பாக்ஸ் ஐடென்டிட்டி புரொவைடர்’ என்பது மைன்க்ராஃப்ட் போன்ற விளையாட்டுகளில் கணக்கைச் சரிபார்ப்பதற்கான உறுப்பு; வீட்டில் பிள்ளைகள் அதை ஆடுகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். ‘விசிலிப்ஸ்’, ‘யுஐ ஸாமல்’ போன்ற பெயர்கள் விளையாட்டுகள் அல்ல. மற்றச் செயலிகள் நின்று இயங்கும் அடித்தளங்கள். ‘மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்’ செயலியை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள்; நீக்கியவற்றைத் திரும்பப் பெறும் வாசல் அதுதான்.

வேண்டாதவற்றையெல்லாம் ஒரே சொடுக்கில் அள்ளிக் கொட்டும் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், அவற்றை அட்மின் உரிமையோடு ஓட்டாதீர்கள். இரண்டு விளையாட்டுகளை எடுக்கப் போய், கால்குலேட்டரையும் ஃபோட்டோஸையும் இழந்து வருகிற கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரிபார்ப்பது

நீக்கிய கணக்கிலேயே தேடிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். செட்டிங்ஸின் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில், விண்டோஸ் 11 என்றால் ‘அதர் யூசர்ஸ்’, விண்டோஸ் 10 என்றால் ‘ஃபேமிலி & அதர் யூசர்ஸ்’ என்ற இடத்தில், சோதனைக்காக ஒரு புதிய உள்ளூர்க் கணக்கை உருவாக்குங்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி அதில் நுழையுங்கள். முதன்முறை என்பதால் ‘ஹாய்’ என்று சொல்லிச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். திரை வந்ததும் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, முழுப் பட்டியலில் எம், எஸ் ஆகிய இரண்டு எழுத்துகளின் கீழும் பாருங்கள். சொலிட்டேர் இல்லை என்றால் மூலப்பிரதி போய்விட்டது. முகப்பில் மட்டும் ஏதாவது விளையாட்டின் படம் தெரிந்தால் அது பரிந்துரை வழியே வந்தது. ரைட் கிளிக் செய்து, அன்இன்ஸ்டால் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் அன்பினையும் கொடுத்தால் போய்விடும். பார்த்து முடித்ததும் உங்கள் கணக்குக்குத் திரும்பி, அந்தச் சோதனைக் கணக்கை அதன் கோப்புகளோடு நீக்கிவிடுங்கள்.